ஆயிரம் ஆண்டு தள்ளி ஒரு சங்கம்

1958 ஏப்ரல் தேதியிட்ட 'அட்வெஞ்சர் காமிக்ஸ்' 247ஆம் இதழில், ஸ்மால்வில் என்ற சிற்றூருக்கு முன்பின் தெரியாத மூன்று பிள்ளைகள் வருகிறார்கள். கண்ணாடி போட்டுச் சாதுவாகத் திரியும் கிளார்க் கென்ட்தான் சூப்பர்பாய், அதாவது சிறுவயது சூப்பர்மேன், என்பது ஊரில் யாருக்கும் தெரியாது, இவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. முப்பதாம் நூற்றாண்டிலிருந்து காலத்தைக் கடந்து வந்தவர்கள் இவர்கள். அங்கே சூப்பர்பாயைப் பற்றிச் சரித்திரத்தில் படித்து வளர்ந்தவர்கள். தங்கள் சங்கத்தில் சேர அவனை அழைத்துப் போகிறார்கள். சேர்வதற்குப் பரீட்சை உண்டு. ஒவ்வொரு போட்டியிலும் ஏதோவொரு விபத்து குறுக்கிட, அதைத் தடுக்க ஓடி, பூமியின் மாபெரும் பலசாலி மூன்றிலும் தோற்றுப்போகிறான். அவன் முகம் வாடிய பிறகுதான் விஷயம் வெளிவருகிறது: புதிதாகச் சேர வருபவனைச் சீண்டிப் பார்க்கும் விளையாட்டு அது.

ஆட்டோ பைண்டர் எழுதி, அல் பிளாஸ்டினோ வரைந்த இந்தச் சிறுகதை ஒரே இதழோடு முடிந்துபோக வேண்டியது. ஆனால் அந்தப் பிள்ளைகள் மறுபடி எப்போது வருவார்கள் என்று வாசகர்கள் கேட்கத் தொடங்கினார்கள். ஆசிரியர் மார்ட் வைசிங்கர் வாசகர் கடிதங்களைக் கூர்ந்து கவனிப்பவர். 1959 டிசம்பரில் அவர்கள் மீண்டும் வந்தார்கள். 1962 செப்டம்பரில், 300ஆம் இதழ் முதல் அந்தப் பத்திரிகையின் நிரந்தரத் தொடராகவே ஆனார்கள். 'லீஜியன் ஆஃப் சூப்பர்ஹீரோஸ்' என்ற பெயரில், இடையிடையே நின்றும் மீண்டும் தொடங்கியும், அறுபது ஆண்டுகளுக்கு மேல் இந்தத் தொடர் வந்திருக்கிறது. சூப்பர்மேன், பேட்மேன் அளவுக்கு இதற்குப் பெயர் கிடையாது. ஆனால் இதைப் பிடித்தவர்களுக்குப் பிடித்த விதம் வேறு. அவர்கள் ரசிகர்களைப் போல அல்ல, உறுப்பினர்களைப் போலவே நடந்துகொண்டார்கள்.

கதையின் அடித்தளம் எளிமையானது. முப்பதாம் நூற்றாண்டில் மனிதர்களும் மற்றவர்களும் வாழும் பல கோள்கள் ஒன்றிணைந்து 'ஐக்கியக் கோள்கள்' என்ற அமைப்பின் கீழ் இருக்கின்றன. பெரும் பணக்காரர் ஆர். ஜே. பிராண்ட், பூமிக்கு வரும் ஒரு விண்கலப் பயணத்தில் கொலையாளிகளிடமிருந்து மூன்று இளைஞர்களால் காப்பாற்றப்படுகிறார். ஒருவரையொருவர் அதற்கு முன் பார்த்திராதவர்கள் அவர்கள். பிரால் கோளிலிருந்து வந்த காஸ்மிக் பாய் காந்த விசையை ஆள்பவன். சனியின் துணைக்கோளான டைட்டனிலிருந்து வந்த சாட்டர்ன் கேர்ள் மனத்தைப் படிப்பவள். வினாத் கோளின் லைட்னிங் லேட் மின்னலை வீசுபவன். இவர்களைக் கொண்டு பிராண்ட் தொடங்கிய அமைப்புதான் லீஜியன். தொடர் தொடங்கிப் பத்து ஆண்டுகள் கழித்து, 1968இல்தான் இந்தத் தோற்றக் கதை சொல்லப்பட்டது என்பது அந்தக் காலத்து காமிக்ஸின் அலட்சியத்துக்கு ஒரு சான்று. முதலில் பிள்ளைகள் வந்தார்கள், ஏன் வந்தார்கள் என்பதைப் பிறகு யோசித்தார்கள்.

மற்ற சூப்பர்ஹீரோக்கள் பலரின் சக்தி ஒரு விபத்திலோ ஆய்வுக்கூடத்திலோ கிடைத்ததாக இருக்கும். லீஜியனில் பலரின் சக்தி அவர்கள் ஊர்க்காரர் எல்லோருக்கும் உள்ளது. டைட்டனில் எல்லோரும் மனம் படிப்பவர்கள். இம்ஸ்க் கோளில் எல்லோராலும் உடலைச் சுருக்கிக்கொள்ள முடியும். கார்க் கோளில் ஒவ்வொருவரும் மூன்று உடல்களாகப் பிரிவார்கள். பிஸ்மால் கோளில் நுண்ணுயிர்கள் உணவையெல்லாம் உண்ண முடியாதபடி ஆக்கிவிட்டதால், அங்குள்ளவர்கள் கல், இரும்பு எதையும் தின்று செரிக்கும்படி மாறிவிட்டார்கள். அந்த ஊர்ப் பையனான மேட்டர்-ஈட்டர் லேட் சிறைக் கம்பியைக் கடித்துத் தின்றுவிட்டு வெளியே வருவான். சொந்த ஊரில் சாதாரணமானவன், வெளியூர் போனால் அதிசயப் பிறவி. ஊரைவிட்டுப் படிக்கவோ வேலைக்கோ போன எவருக்கும் புரியும் உணர்வு இது. அறிவியல் புனைகதை என்ற வகையில் இந்தத் தொடரின் உருப்படியான யோசனை இதுதான் என்று சொல்லலாம்: சக்தியை ஒரு தனிமனிதனின் வரமாகப் பார்க்காமல், ஒரு மண்ணின் குணமாகப் பார்த்தது.

இந்தக் கோள்களையும் அவற்றின் விசித்திரங்களையும் அடுக்கடுக்காகக் கண்டுபிடித்தவர்களில் இருவர் முக்கியமானவர்கள். ஒருவர் எட்மண்ட் ஹாமில்டன். காமிக்ஸுக்கு வருவதற்கு முன்பே விண்வெளிச் சாகசக் கதைகளில் பெயர் பெற்றவர். மற்றவர் ஜெரி சீகல். சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவர். தமிழ் வாசகர்களுக்கு இவரை வேறொரு வழியிலும் தெரியும், பெயர் தெரியாமலே. லயன் காமிக்ஸ் தமிழில் கொண்டுவந்த 'ஸ்பைடர்' என்ற குற்றச் சக்கரவர்த்தியின் கதைகளில் பல, 1960களில் பிரிட்டிஷ் வார இதழ் ஒன்றுக்காக இதே சீகல் எழுதியவை. அந்தக் கதைகளில் வாசகர்களை மலைக்கவைத்த வரம்பற்ற கற்பனை, லீஜியனிலும் அப்படியே இருக்கிறது.

சங்கத்தில் சேர விதிகள் உண்டு. விண்ணப்பிப்பவருக்கு இயற்கையான ஒரு சக்தி இருக்க வேண்டும். கருவிகளின் உதவியால் வருவது செல்லாது. அந்தச் சக்தி, ஏற்கெனவே இருக்கும் உறுப்பினர் எவரிடமும் இல்லாததாக இருக்க வேண்டும். வயதும் பதின்பருவத்தைத் தாண்டியிருக்கக் கூடாது. மஞ்சள் நிற ராக்கெட்டைத் தலைகீழாக நட்டு வைத்தது போன்ற சங்கக் கட்டடத்தின் முன்னே விண்ணப்பதாரர்கள் வரிசை கட்டி நிற்பது இந்தத் தொடரின் நிரந்தரக் காட்சி. ஒவ்வொருவராக வந்து வித்தையைக் காட்டுவார்கள். நீண்ட மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் சக வயதுப் பிள்ளைகள் உதட்டைப் பிதுக்கி அனுப்பிவிடுவார்கள். நேர்முகத் தேர்வுக்குப் போய்த் திரும்பிய யாருக்கும் இந்தக் காட்சி வேடிக்கையாக மட்டும் இருக்காது.

அந்த நிராகரிப்பிலிருந்துதான் லீஜியனின் ஆகச் சிறந்த கதை யோசனை பிறந்தது. 1963 மார்ச் தேதியிட்ட 306ஆம் இதழில் ஹாமில்டன் எழுதிய கதையில், தேர்வில் தோற்ற ஐந்து பேர் ஒன்றுசேர்கிறார்கள். கொதிக்கும் 'தார்' என்ற கோளிலிருந்து வந்த போலார் பாய் குளிரை வீசுபவன், ஆனால் அதைக் கட்டுப்படுத்தத் தெரியாதவன். நைட் கேர்ளின் பலம் இருட்டில் மட்டுமே வேலை செய்யும். வெயில் பட்டால் போச்சு. ஸ்டோன் பாய் கல்லாக மாறுவான், மாறிய பிறகு அசைய முடியாது. நெருப்பைக் கக்கும் ஃபயர் லேடும் செடிகளைக் கணத்தில் வளர்க்கும் குளோரோஃபில் கிட்டும் மீதி இருவர். வீட்டுக்குத் திரும்பிப் போகாமல் இவர்கள் ரகசியமாக 'மாற்று வீரர் படை' ஒன்றை அமைத்து, லீஜியன் கவனிக்காமல் விட்ட ஆபத்துகளைச் சத்தமில்லாமல் தடுக்கிறார்கள்; பாராட்டையும் எதிர்பார்ப்பதில்லை. பள்ளி விளையாட்டு அணியில் இடம் கிடைக்காத ஒவ்வொரு பிள்ளையும் இவர்களை நேசித்ததில் வியப்பில்லை. போலார் பாய் மட்டும் விண்ணப்பத்தை விடவில்லை. 1980களில் லீஜியனில் இடம்பிடித்து அதன் தலைவனாகவும் ஆனான். கதைக்கு வெளியே இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்திருந்து கிடைத்த பதவி உயர்வு அது.

சங்கம் என்றால் சட்டமும் இருக்கும். கொல்லக் கூடாது என்பது லீஜியனின் தலையாய விதி. 1966இல் வந்த கதை ஒன்றில், தன் உயிரைக் காத்துக்கொள்ளும் நெருக்கடியில் லீஜியன் வீரன் ஸ்டார் பாய் ஒருவனைச் சுட்டுக் கொன்றுவிடுகிறான். எதிராளி கொலைகாரன், வேறு வழியும் இல்லை. ஆனாலும் அவன்மீது விசாரணை நடக்கிறது. சூப்பர்பாய் அவன் தரப்பில் வாதாட, மேதையான பிரைனியாக் 5 எதிர்த்தரப்பில் நிற்கிறான். வாக்கெடுப்பில் ஸ்டார் பாய் தோற்று, வெளியேற்றப்படுகிறான். வில்லனை அடித்து வீழ்த்துவதோடு முடியும் கதைகளைப் படித்துப் பழகிய பிள்ளைகளுக்கு, நண்பர்களே நண்பனைத் தண்டிக்கும் இந்தக் கதை புதிது. தீர்ப்பு நியாயமா என்று கடிதம் எழுதி வாதாட இடம் விட்டது.

எழுதவும் செய்தார்கள். கடிதப் பகுதி இந்தத் தொடரின் பிரிக்க முடியாத அங்கமாக இருந்தது. புதிய உறுப்பினர்களுக்கான யோசனைகளை வாசகர்கள் அனுப்பினார்கள், அவற்றில் சில கதைக்குள் வந்தன. லீஜியனின் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் வாசகர்களுக்குக் கிடைத்தது. அவர்கள் அனுப்பிய வாக்குகளை எண்ணி, வென்றவரைக் கதையில் தலைவராக்கினார்கள். 1980களில், அழகைத் தவிரப் பெரிதாக எதுவும் இல்லாதவள் என்று கருதப்பட்ட டிரீம் கேர்ள் இப்படித்தான் பதவிக்கு வந்தாள். எழுத்தாளர் வாசகர்களின் முடிவை ஏற்றுக்கொண்டு, அவளைத் திறமையான தலைவியாகவே எழுத வேண்டியதாயிற்று.

வாசகர்களில் ஒருவர் இதைவிடவும் உள்ளே போனார். பிட்ஸ்பர்க் நகரத்து எஃகுத் தொழிலாளியின் மகன் ஜிம் ஷூட்டர், பன்னிரண்டு வயதில் மருத்துவமனையில் படுத்திருந்தபோது காமிக்ஸ் இதழ்களைக் கட்டுக்கட்டாகப் படித்தார். அப்போது புதிதாக வந்துகொண்டிருந்த மார்வெல் நிறுவனத்தின் கதைகளில் உயிர் இருந்தது. லீஜியனை வெளியிட்ட நிறுவனத்தின் கதைகள் சவசவவென்று இருந்தன. பின்தங்கியிருப்பவர்களுக்குத்தானே உதவி தேவை என்று கணக்குப் போட்டு, வீட்டின் பணக் கஷ்டத்துக்கும் கைகொடுக்கலாம் என்று, பதின்மூன்று வயதில் லீஜியன் கதை ஒன்றை எழுதினார். எழுதும் முறை தெரியாததால் கட்டம் கட்டமாகப் படமும் வரைந்து அனுப்பினார். வைசிங்கர் அதை வாங்கிக்கொண்டார். 1966 ஜூலை தேதியிட்ட 346ஆம் இதழில் அவருடைய கதை வெளியானபோது ஷூட்டருக்கு வயது பதினான்கு. முதல் கதையிலேயே நான்கு புதிய விண்ணப்பதாரர்களைக் கொண்டுவந்து, அவர்களில் ஒருவன் துரோகி என்று வைத்தார். அவர்களில் கராத்தே கிட் என்பவனுக்கு எந்தச் சக்தியும் இல்லை, பயிற்சி மட்டுமே. 1984இல் அதே பெயரில் ஹாலிவுட் படம் வந்தபோது, பெயரைப் பயன்படுத்த அனுமதித்ததற்காகப் படத்தில் பதிப்பகத்துக்கு நன்றி சொல்ல வேண்டியிருந்தது.

ஷூட்டரின் கதைகளில் பிள்ளைகள் பிள்ளைகளைப் போலப் பேசினார்கள், சண்டையிட்டார்கள், பயந்தார்கள். 1967இல் சூரியனை விழுங்கும் ஒரு பூதத்திடமிருந்து மனித குலத்தைக் காக்க, முகத்தை முகமூடியால் மறைத்தே வாழ்ந்த ஃபெரோ லேட் தன்னைப் பலிகொடுக்கிறான். இறந்தவன் அடுத்த இதழில் எழுந்து வரவில்லை. அதை எழுதியவருக்கும் படித்தவர்களுக்கும் ஏறத்தாழ ஒரே வயது. பெரியவர்கள் பிள்ளைகளுக்காக எழுதும் கதைகளில் எளிதில் வந்துவிடும் செயற்கை, இங்கே வர வழியில்லாமல் போனது. ஷூட்டர் பின்னாளில், 1978 முதல் 1987 வரை, அதே மார்வெல் நிறுவனத்தின் தலைமை ஆசிரியராக இருந்தார்.

சாவு இந்தத் தொடருக்கு முன்பே பழக்கமானதுதான். 1963 ஜனவரி இதழில், லீஜியன் வீரர் ஒருவர் சாவார் என்ற எச்சரிக்கை சாட்டர்ன் கேர்ளுக்குத் தெரியவருகிறது. சாவது தானாக இருக்கட்டும் என்று, மனங்களை வசியம் செய்து தேர்தலில் வென்று தலைவியாகி, மற்றவர்களின் சக்தியை முடக்குகிறாள். காரணத்தைக் கண்டுகொண்ட லைட்னிங் லேட் அவளை முந்திக்கொண்டு போய் உயிர்விடுகிறான். அந்த ஆண்டு செப்டம்பரில் அவனை உயிர்ப்பிக்க வழி தெரிகிறது; ஆனால் நண்பர்களில் ஒருவர் தன் உயிரைத் தர வேண்டும். யார் மேல் மின்னல் விழும் என்று தெரியாமல் எல்லோரும் கோலை உயர்த்திப் பிடித்து நிற்க, சாட்டர்ன் கேர்ளின் உருவத்தை எடுத்துக்கொண்டு அவள் இடத்தில் நின்று சாகிறது, பிராட்டி என்ற சின்ன வளர்ப்புப் பிராணி. உருவம் மாற்றத் தெரிந்த அந்த மெழுகுப் பொம்மை போன்ற உயிரைப் பலிகொடுத்து முடிந்த கதை, இன்று படித்தாலும் மனத்தை ஏதோ செய்கிறது. இறந்த வீரன் மீள எட்டு மாதம் ஆனது. பத்து வயதுப் பிள்ளைக்கு அது மிக நீண்ட காலம்.

நடந்தது நடந்ததாகவே நின்றது என்பது இங்கே முக்கியம். மூன்றாகப் பிரியும் டிரிப்ளிகேட் கேர்ள், 1966இல் பிரைனியாக் 5 உருவாக்கிக் கைமீறிப்போன கணினி ஒன்றிடம் தன் உடல்களில் ஒன்றை இழந்தாள். அன்றிலிருந்து அவள் டூவோ டாம்செல், இரண்டாகவே பிரிபவள். பந்து போல உப்பித் துள்ளும் பௌன்சிங் பாயை அவள் 1974இல் மணந்துகொண்டாள். மணமானவர்கள் விலக வேண்டும் என்பது அப்போதைய விதி என்பதால் இருவரும் விலகினார்கள். சூப்பர்மேன் அப்போதும் காதலி லோயிஸ் லேனிடமிருந்து நழுவிக்கொண்டுதான் இருந்தார். லீஜியன் பிள்ளைகளோ வாசகர்களோடு சேர்ந்து வளர்ந்தார்கள், மெதுவாக என்றாலும்.

எல்லாம் போற்றத்தக்கது அல்ல. முப்பதாம் நூற்றாண்டில் பச்சைத் தோலும் ஆரஞ்சுத் தோலும் கொண்டவர்களுக்கு இடம் இருந்தது, கறுப்பினத்தவருக்கு நெடுங்காலம் இல்லை. ஃபெரோ லேடைக் கறுப்பினத்தவனாகப் படைக்கவே விரும்பியதாகவும், ஆசிரியர் மறுத்துவிட்டதாகவும் ஷூட்டர் பின்னாளில் கூறினார். 1976இல்தான் டைரோக் என்ற கறுப்பின உறுப்பினர் வந்தார். அவருடைய இனத்தார் உலகத்தை விட்டு ஒதுங்கித் தனித் தீவில் வாழ்பவர்கள் என்று எழுதியது, இல்லாததைவிட மோசமாகப் பட்டது. பெண் உறுப்பினர்கள் அணிக்குத் தலைமை வகித்தார்கள், வியூகம் அமைத்தார்கள், அதே கதையில் அழவும் வைக்கப்பட்டார்கள். வசனங்கள் பல இடங்களில் மொட்டையானவை. அறிவியல் என்ற பெயரில் நடப்பவற்றைப் பள்ளி ஆசிரியர் எவரும் மன்னிக்க மாட்டார்.

1970களில் படங்களின் தரம் பாய்ச்சலாக மாறியது. டேவ் காக்ரம் வீரர்களுக்குப் புதிய உடைகளும் உலகத்துக்குப் புதிய எந்திரங்களும் வரைந்தார். பிறகு மார்வெலுக்குப் போய், 1975இல் புத்துயிர் பெற்ற எக்ஸ்-மென் அணியின் ஸ்டார்ம், நைட்கிராலர், கொலோசஸ் ஆகியோரின் உருவாக்கத்தில் பங்கு பெற்றார். அங்கே அவர் வரைந்த 'இம்பீரியல் கார்ட்' என்ற வேற்றுலகப் படை, லீஜியனை அடையாளம் தெரியும்படியே நகலெடுத்த குறும்பு. பதின்ம வயதினர் அணி, வெவ்வேறு ஊர்க்காரர், ஒருவருக்கொருவர் குடும்பம் என்ற எக்ஸ்-மென்னின் வெற்றிச் சூத்திரத்தில் லீஜியனின் கடன் கொஞ்சமல்ல.

தொடரின் உச்சம் 1982. பால் லெவிட்ஸ் எழுதி, கீத் கிஃபன் வரைந்த 'தி கிரேட் டார்க்னஸ் சாகா' ஐந்து இதழ்களில் வந்தது. யாரென்று தெரியாத ஓர் எதிரி, பழங்காலத்து மாவீரர்களின் நிழல் உருவங்களை ஏவி, ஆற்றல் வாய்ந்த பொருள்களைக் கவர்ந்துபோகிறான். ஆயிரம் ஆண்டு உறங்கி எழுந்த, சூப்பர்மேன் காலத்து வில்லன் டார்க்சைட் அவன் என்பது மெல்ல மெல்லத் தெரியவரும். அவனை எதிர்க்க இன்றைய உறுப்பினர், பழைய உறுப்பினர், நிராகரிக்கப்பட்ட மாற்று வீரர்கள் உட்பட எல்லோரும் திரள்கிறார்கள். இருபதுக்கும் மேற்பட்ட பாத்திரங்களை வைத்துக்கொண்டு குழம்பாமல் கதை சொல்வது எப்படி என்பதற்கு இது பாடம். ஒருவர் காதல் ஒரு பக்கம், இன்னொருவர் வழக்கு மூன்று கட்டம் என்று சிறுசிறு இழைகளை மாதாமாதம் முடிந்துகொண்டே போவது லெவிட்ஸின் பாணி. வாசகர் தமக்குப் பிடித்த ஒருவரைத் தேர்ந்துகொண்டு, அவருடைய முறை வரும்வரை காத்திருப்பார். இத்தனை பெயரா என்று புதியவர் மிரள்வார். பழகியவருக்கு அந்தக் கூட்டமே சுகம்.

சரிவும் இப்படிச் சேர்ந்துபோன பழங்கதைகளின் நினைவுச் சுமையிலிருந்தே வந்தது. 1986இல் பதிப்பகம் சூப்பர்மேனின் சரித்திரத்தைத் திருத்தி எழுதியபோது, அவர் சிறுவயதில் சூப்பர்பாயாக இருந்ததே இல்லை என்று ஆக்கிவிட்டது. லீஜியன் உருவானதோ சூப்பர்பாயின் உந்துதலால். அடித்தளக் கல்லை உருவிவிட்டுக் கட்டடத்தை நிற்கச் சொன்ன கதை. வேறொரு குட்டிப் பிரபஞ்சத்திலிருந்து வந்த சூப்பர்பாய் அவன் என்று 1987இல் ஒட்டுப் போட்டு, அவனைக் கொன்றும் பார்த்தார்கள். 1989இல் கதையை ஐந்து ஆண்டு முன்னே தள்ளி, வீரர்கள் களைத்து, சிதறிப்போன இருண்ட உலகைக் காட்டினார்கள். அதை எழுதியவர்களில் லீஜியன் ரசிகர் வட்டத்திலிருந்தே வந்த தம்பதியும் இருந்தார்கள். 1994இல் எல்லாவற்றையும் அழித்து முதலிலிருந்து தொடங்கினார்கள். 2004இன் இறுதியில் மறுபடியும். 2019இல் பிரையன் மைக்கேல் பெண்டிஸ் எழுத்தில் இன்னொரு முறையும். இவற்றில் 2004இல் மார்க் வெய்டும் பேரி கிட்சனும் செய்தது மட்டும் புதிதாக ஒன்றைச் சொன்னது: எல்லோரும் பாதுகாப்பாக, யாரும் யாரையும் தொடாமல் வாழும் மந்தமான எதிர்காலத்தில், பெரியவர்களுக்கு எதிரான இளைஞர் இயக்கமாக லீஜியனைக் காட்டியது. மற்ற புதுத் தொடக்கங்கள் பெயர்களையும் சக்திகளையும் வைத்துக்கொண்டு, நடந்தவற்றைத் தூக்கி எறிந்தன. லைட்னிங் லேடின் மின்னல் யாரையும் இந்தத் தொடருக்கு இழுத்ததில்லை. அவனுக்காகக் காத்திருந்த எட்டு மாதமும், பிராட்டியின் சாவும், போலார் பாயின் இருபது ஆண்டும்தான் இழுத்தன. அவை இல்லாத லீஜியன் இன்னொரு சூப்பர்ஹீரோ கூட்டம் மட்டுமே.

புதிதாகப் படிக்க நினைப்பவர்கள் 'தி கிரேட் டார்க்னஸ் சாகா' தொகுப்பிலிருந்து தொடங்கலாம். பெயர்கள் குழப்பினால் முதல் இரண்டு இதழ்கள் வரை பொறுத்துக்கொள்ள வேண்டும். அது பிடித்துப்போனால், 1960களின் ஹாமில்டன், சீகல், ஷூட்டர் கதைகளுக்குப் பின்னோக்கிப் போகலாம். பிள்ளைகளுக்கு வாங்கித் தருபவர்கள் வரிசையை மாற்றி, மாற்று வீரர் படையின் கதையை முதலில் தருவது நல்லது.